பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவே

எனக்குக் கடைத்தெருவில் 'காது' என்று பெயர். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களிடம் நாளெல்லாம் "காது தெரியட்டும், காது தெரியட்டும்" என்று கத்துவதால் கிடைத்த பட்டம். இருபது வருடமாக ஒரு வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, மனிதர்களை உட்கார வைத்து, சிரிக்காதீர்கள் என்று சொல்லிப் பிழைக்கிறேன். சிரிக்காதே என்று சொல்வதையே தொழிலாக வைத்திருப்பவனுக்கு உள்ளே ஏதாவது ஒரு கிறுக்கு பிடிக்காமல் இருக்குமா? எனக்கு வாணவேடிக்கையைப் படம் எடுக்கிற கிறுக்கு பிடித்தது.

அதற்குக் காரணம் அக்கா. வாணவேடிக்கை நடத்தும் கம்பெனி ஒன்றில் அவள்தான் பொத்தான் அழுத்துகிறவள். வாணங்கள் ஆற்றின் நடுவே ஒரு மிதவையில் வரிசையாக நிற்கும். கரையில், மணல் மூட்டைகளுக்குப் பின்னால், நாற்பது பொத்தான்கள் கொண்ட பலகையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருப்பாள். ஒரு பொத்தானுக்கு ஒரு வாணம். மந்திரி வந்து கொடியசைத்தாலும் சரி, அக்காவின் கட்டைவிரல் அசையாமல் வானத்தில் ஒன்றும் நடக்காது. பத்து வருடம் கம்பி இழுத்து, மூட்டை தூக்கி, மூன்று தரம் பரீட்சை எழுதி அந்த லைசென்ஸை வாங்கினாள். வாங்கிய அன்று அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள். கல்யாணப் போட்டோ அதற்குக் கீழேதான் இருக்கிறது.

ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அக்கா எனக்கு ஒரு காகிதம் தருவாள். எந்த வாணத்துக்குப் பின் எந்த வாணம், நடுவில் எத்தனை வினாடி என்று பென்சிலில் எழுதியிருக்கும். மற்ற போட்டோக்காரர்கள் வானத்தைப் பார்த்துத் தடவிக்கொண்டிருக்கும்போது நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். என் படங்கள் நன்றாக இருப்பதற்கு அந்தக் காகிதம்தான் காரணம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொரு சமாசாரமும் உண்டு. இருட்டில் வாணத்தைப் படம் எடுக்கிறவர்கள் ஷட்டரைத் திறந்தே வைத்துவிட்டு, லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். வாணம் விரியும்போது அட்டையை எடுக்க வேண்டும். அடங்கியதும் மூட வேண்டும். அடுத்தது விரியும்போது மறுபடி எடுக்க வேண்டும். இப்படி ஒரே படத்தில் இரண்டு மூன்று வாணங்கள் சேர்ந்து விழும். பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பூத்தது என்று வாய் பிளப்பார்கள். இதில் தப்பு எதுவும் இல்லை, தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அக்காவுக்கு இது தெரியாது. நான் படம் எடுக்கிற நேரத்தில் எல்லாம் அவள் பலகையோடு இருப்பாள், என் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. ஒரு வாணம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது போய்விடுவதால், படத்தில் இரண்டும் சேர்ந்து தெரிவது அவளுக்கு ஆச்சரியமாகவும் பட்டதில்லை.

புதுப் பாலத்தின் திறப்பு விழாவன்று நான் பனிக்கட்டி ஆலையின் மொட்டை மாடியில் நின்றேன். ஆலை மேனேஜரின் குடும்பம் மொத்தத்தையும், கைக்குழந்தை உட்பட, காது தெரியப் படம் எடுத்துக் கொடுத்து வாங்கிய இடம் அது. பாலத்தில் நின்ற கூட்டத்துக்கு ஆற்றோரக் காவல் கோபுரம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர்கள் கைபேசிகளில் வானம் மட்டும்தான் வரும். கோபுரம், ஆறு, வானம் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும் இடம் அந்த மாடி மட்டும்தான்.

அந்தக் கோபுரத்தின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. மிதவையைச் சுற்றிய தடுப்பைத் தாண்டி ஏதாவது படகு வந்துவிட்டால் காவலாளி அதைப் போடுவார். சிவப்பு எரிந்துகொண்டிருக்கும்போது பொத்தானில் கை வைக்கக்கூடாது. வைத்தால் லைசென்ஸ் போய்விடும், அதற்கு மன்னிப்பே கிடையாது.

பன்னிரண்டு வாணங்கள் ஒழுங்காகப் போயின. பதின்மூன்று ஆரஞ்சு நிறத்தில் வானம் கொள்ளாமல் பூத்தது. அட்டையை எடுத்தேன், மூடினேன். காகிதத்தில் அடுத்ததற்கு நாலு வினாடி. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அட்டையை எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. அக்காவைத் திட்டிக்கொண்டே பத்து வினாடி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தையே பார்த்தேன். மூடினேன். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து மிதவையில் 'டும்' என்றது. எடுத்தேன். பதினான்கு, வெள்ளி மழையாக இறங்கியது. ஷட்டரை மூடிவிட்டுக் கேமராத் திரையைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

மேலே ஆரஞ்சும் வெள்ளியும். கீழே கறுப்புத் தண்ணீரில் கோபுரத்திலிருந்து என் காலடிவரைக்கும் ஒரு சிவப்புக் கோடு. விளக்கு எரிந்திருக்கிறது. தலையைத் தூக்கிக் கோபுரத்தைப் பார்த்தேன், அதற்குள் அணைந்திருந்தது. ஏதோ படகு வந்திருக்கிறது, அக்கா நிறுத்தியிருக்கிறாள், நான் திறந்துவைத்த அந்தப் பத்து வினாடியில் சிவப்பு மட்டும் உள்ளே வந்திருக்கிறது. எனக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் யாரும் 'பாவம், அவனுக்குத் தெரியாது' என்று எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

படத்துக்கு 'ஒரே கணம்' என்று தலைப்பு வைத்துப் போட்டிக்கு அனுப்பினேன். முதல் பரிசு. கலைக்கூடத்தில் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டப் போவதாகக் கடிதம் வந்தது. பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்து, "எப்படி சார் புடிச்சீங்க?" என்று கேட்டாள். இருபது வருடமாக என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. போட்டோ எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள். "கண் சிமிட்டுற நேரம்தாங்க இருந்துச்சு. சிவப்பு விளக்கும் ரெண்டு வாணமும் ஒரே நொடியில. அழுத்திட்டேன்," என்றேன். வாய் கூசவில்லை. மறுநாள் படத்தோடு அச்சில் வந்தது.

அதற்கு மறுநாள் அக்காவுக்கு லைசென்ஸ் ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. சிவப்பு எரியும்போது பதினான்காவது வாணத்தை விட்டிருக்கிறாள், சாட்சி இணைக்கப்பட்டுள்ளது. இணைக்கப்பட்டிருந்தது என் படம். பதின்மூன்று இன்னும் அணையவில்லை, விளக்கு எரிகிறது, பதினான்கு பூத்திருக்கிறது. யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். காவலாளியைக் கேட்டால், "நான் படகப் பாத்தேன், வானத்தப் பாக்கல," என்றார். படகுக்காரர் வாணத்துக்குப் பயந்து படகின் குறுக்குப் பலகைக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்திருந்தாராம். அன்றைய காட்சியில் இடைவெளிகள் பல இருந்தன, எந்த இடைவெளியில் விளக்கு எரிந்தது என்பதற்கு யாரிடமும் சாட்சி இல்லை. விசாரணை ஒன்பது நாள் கழித்து என்றும், அதுவரை பலகையைத் தொடக்கூடாது என்றும் எழுதியிருந்தது.

அந்த ஒன்பது நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையைத் திறப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன். ஒருவருடைய போட்டோவை இன்னொருவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு அழகா இல்லையே," என்றார். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் 'ஒரே கணம்' என்ன ஆகும் என்று அதே மனசு கேட்டது. விசாரணை எல்லாம் கண்துடைப்பு, தானே புஸ்ஸென்று போய்விடும் என்று சமாதானம் செய்துகொண்டேன். அக்கா கேட்டால் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். அவள் கேட்கவே இல்லை.

ஏழாம் நாள் சாயங்காலம் தாங்காமல் அவள் வீட்டுக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. சமையலறையில் விளக்கை அணைத்திருந்தார்கள். மாமா, அதாவது அக்காவின் கணவர், கைவிளக்கின் மேல் சிவப்புத் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அலமாரி ஓரமாக நின்றார். அக்கா மேசையில் சோடா மூடிகளை வரிசையாக அடுக்கிவைத்து ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். திடீரென்று மாமா விளக்கைப் போட்டார். அக்காவின் விரல் அந்தரத்தில் நின்றது.

"நின்னுடுச்சு பாத்தியா? இது நாப்பதாவது தடவை. ஒரு தடவகூட தப்பல. போதும், வந்து சாப்பிடு," என்றார் மாமா.

"இன்னும் ஒரு தடவ. நீங்க போடப்போறது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது. நான் எதிர்பாக்காதப்ப போடுங்க."

"மூணு நாளா இதே கூத்து, மாப்ள," என்று மாமா என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ராத்திரி தூக்கத்துல என் முதுகுல பொத்தான் அழுத்துறா. நீயாவது சொல்லு."

அக்கா திரும்பினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "எனக்கு நிறுத்தினதுதான்டா ஞாபகம் இருக்கு," என்றாள். "சிவப்பப் பாத்தேன், கைய எடுத்தேன், அணைஞ்சது, அழுத்தினேன். அப்படியே கண்ணுல நிக்குது. ஆனா உன் படத்துல வேற மாதிரி இருக்கே. அப்போ என் விரல் என்னைக் கேக்காம அழுத்தியிருக்கு. அடுத்த தடவ கீழ படகுல ஆள் இருந்து, இந்த விரல் மறுபடி அப்படிப் பண்ணிட்டா?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"உன் படத்தச் சுவரு பூரா மாட்டப் போறாங்களாமே," என்றாள் அதற்குள். "மாட்டட்டும்டா. எத்தன வருஷமா அந்த ஸ்டூலையே பாத்துக்கிட்டு இருந்த. என் விஷயத்த நெனச்சு நீ சங்கடப்படாத, நீ பாத்தத நீ எடுத்த." என் கன்னத்தைத் தட்டினாள். அந்தக் கட்டைவிரல் மூடியின் விளிம்பு பட்டுச் சிவந்து, தடித்துப் போயிருந்தது.

நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். வழியில் மூன்று தெரு தப்பிப் போய்த் திரும்பினேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

விசாரணை நாளன்று கேமராவையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு போனேன். கறுப்பு அட்டை சட்டைப் பையில் இருந்தது. அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போடுகிற மனிதர். மேசை மேல் என் படம் கிடந்தது. அக்காவிடம், "இந்தப் படத்த மறுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அக்கா எழுந்து நின்றாள். "இல்ல சார். எடுத்தது என் தம்பி. அவன் படம் பொய் சொல்லாது. நான் நிறுத்தின மாதிரிதான் எனக்கு ஞாபகம். என் ஞாபகந்தான் தப்பா இருக்கணும்."

"சார், அந்தப் படம் பொய்," என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அட்டையைப் பற்றி, காகிதத்தைப் பற்றி, பத்து வினாடியைப் பற்றி வேகவேகமாகச் சொன்னேன். அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். "பேப்பர்ல ஒரே நொடின்னு சொல்லியிருக்கீங்களே. இப்போ அக்காவுக்காக மாத்திச் சொல்றீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க சார். உங்களையே ஒரு போட்டோ எடுக்கிறேன்."

என்ன நினைத்தாரோ, ஒப்புக்கொண்டார். ஜன்னல் திரைகளை இழுத்து மூடினேன். விளக்கை அணைத்ததும் அறை நல்ல இருட்டாகிவிட்டது. முக்காலியை நிறுத்தி, ஷட்டரைத் திறந்து, அட்டையால் லென்ஸை மூடிக்கொண்டேன். அக்காவோடு வந்திருந்த மாமாவிடம், நான் கொண்டுபோயிருந்த கைவிளக்கைக் கொடுத்து நாற்காலியில் இருந்த அதிகாரியின் மேல் அடிக்கச் சொன்னேன். அட்டையை எடுத்தேன். "காது தெரியட்டும் சார்," என்று பழக்கத்தில் வந்துவிட்டது. மூடினேன். விளக்கும் அணைந்தது. "இப்போ மெதுவா எழுந்து கதவுகிட்ட போய் நில்லுங்க." நாற்காலியில் இடித்துக்கொண்டு போனார். அங்கே விளக்கு, அட்டை, மறுபடி இருட்டு. ஷட்டரை மூடினேன்.

ஜன்னல் திரையை விலக்கிவிட்டுக் கேமராவை அவர் முன்னால் வைத்தேன். நாற்காலியில் ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார். கதவருகே இன்னொரு அதிகாரி நின்றுகொண்டு அவரைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருந்தீங்களா சார்?" என்று கேட்டேன்.

குமாஸ்தா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒரு சாரே தாங்கல," என்று முணுமுணுத்தார். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாமா கைவிளக்கை அணைக்க மறந்து சிரித்துக்கொண்டு நின்றார். அக்கா மட்டும் கேமராவை வாங்கி அந்தச் சின்னத் திரையை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் தன் வலது கையை மடியில் வைத்து, கட்டைவிரலை இடது கையால் மூடிக்கொண்டாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"இந்தப் படத்த விட்டா வேற சாட்சி இல்ல. இனி இது சாட்சியும் இல்ல," என்று சொல்லி அதிகாரி கோப்பை மூடினார். லைசென்ஸ் அன்றே அக்காவின் கைக்கு வந்தது. எனக்கு ஒரு கேள்விதான் மிச்சம் வைத்திருந்தார். "இத முதல் நாளே வந்து சொல்லியிருக்கலாமே. ஏன் இத்தன நாளு?" நான் முக்காலியை மடக்கினேன். மடக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் மடக்கிக்கொண்டிருந்தேன்.

கலைக்கூடத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். ஷட்டர் ஒரு தரம்தான் திறந்தது, விதிப்படி படம் செல்லும் என்றார்கள். தலைப்பை மட்டும் எடுத்துவிட்டு, பெரிய கூடத்திலிருந்து கழுவறைக்குப் போகிற வழிக்கு மாற்றினார்கள். அவசரமாகப் போகிறவர்கள்தான் அதைப் பார்க்கிறார்கள். அது எனக்கு ரொம்ப வலிக்கும் என்று நினைத்தேன், வலிக்கவில்லை. வேறொன்று வலித்தது. அக்கா என்னோடு சண்டை போடவில்லை. வீட்டுக்குப் போனால் டீ கொடுத்தாள், கடை எப்படிப் போகிறது என்று கேட்டாள், தெரிந்தவர்களிடம் பேசுவது போல.

இரண்டு மாதம் கழித்துப் படகுக் குழாமின் ஆண்டு விழாவுக்குக் காட்சி வந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் ஆற்றங்கரைக்குப் போனேன். அக்கா மணல் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, பலகையில் கம்பிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேப்பர் எங்கக்கா?" என்றேன்.

"எந்தப் பேப்பர்?"

"வரிசை எழுதிக் குடுப்பியே."

கம்பியை முடுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "நீ பேப்பர்காரிகிட்ட பெருமை பேசினதுக்கு எனக்குக் கோவம் இல்லடா. யாருதான் பேசல? அன்னிக்கு சமையலறையில நான் மூடிய அழுத்திக்கிட்டு இருந்தேனே, அப்போ நீ வாசப்படியில நின்ன. உன் படத்த நம்பி என் கைய நான் நம்பாமப் போனேன். அத நீ நின்னு பாத்த. பாத்துட்டுப் போயிட்ட."

"சொல்லத்தான்க்கா வந்தேன்."

"தெரியும். வாயத் தொறந்த, பாத்தேன்." பலகையை மடியில் இழுத்துக்கொண்டாள். "போ, நேரமாச்சு. எல்லாரும் வானத்தப் பாத்துத்தான் எடுக்கிறாங்க. நீயும் பாத்து எடு."

பனிக்கட்டி ஆலையின் மாடிக்கு ஏறினேன். முக்காலியை மூன்று இடம் மாற்றினேன். முதல் வாணம் போனபோது அட்டையை எடுக்கத் தாமதமாகி வெறும் புகை கிடைத்தது. இரண்டாவதற்கு முந்திக்கொண்டதில் இருட்டு கிடைத்தது. வாய் பழக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியது, எதுவரை எண்ணுவது என்று தெரியாமல் நின்றது. கீழே மணல் மூட்டைகளின் பக்கம் ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது. அங்கே அவள் விரல் ஒரு பொத்தானின் மேல் இருக்கும். லென்ஸை மூடிப் பிடித்துக்கொண்டு அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது அழுத்துவாள் என்று எனக்குத் தெரியவில்லை.